பெத்லகேம் விண்மீனும் மன்னார்க் கரையும்

1956இல் இலங்கையில் குடியேறிய ஆதர் சி. கிளார்க்கின் ‘த அதர் சைட் ஒவ் த ஸ்கை’ என்ற சிறுகதைத் தொகுதி 1958இல் வெளிவந்தது. அதிலுள்ள ‘த ஸ்டார்’ கதை 1955இல் எழுந்தது. ஹியூகோ விருது பெற்றது. வெடித்துச் சிதறிய ஒரு சூரியனின் எச்சத்தை ஆராயச் செல்கிறார் யேசு சபைக் குருவான வானியலாளர் ஒருவர். அந்தச் சூரியனை அண்டி வாழ்ந்த இனம் தன் அழிவை முன்பே அறிந்து, தன் கலைகளையும் அறிவையும் தொலைவிலிருந்த கோள் ஒன்றின் நிலவறையில் வைத்துவிட்டு மாண்டிருந்தது. கடற்கரை அலைகளில் பிள்ளைகள் விளையாடும் காட்சியும் அங்கே பதிவாகியிருக்கிறது. வெடிப்பின் ஒளி பூமியை எட்டிய காலத்தைக் கணக்கிட்ட குரு கலங்கிப்போகிறார். பெத்லகேமுக்கு ஞானிகளை வழிநடத்திய விண்மீன் அதுதான்.

ஒரு மக்களுக்கு மீட்பை அறிவிக்க வேறொரு மக்கள் எரிய வேண்டுமா? இந்தக் கேள்வி மன்னாருக்குப் புதிதன்று. யேசு சபையின் முதல் தோழர்களில் ஒருவரான பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் திருமுழுக்குப் பெற்ற ஏறத்தாழ 600 பேர், 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் மன்னாரில் கொல்லப்பட்டனர். திருச்சபை அவர்களை வேதசாட்சிகள் என்கிறது. ஏற்றுக்கொண்ட விசுவாசத்துக்காக இறந்தவர்கள் என்பதே அதன் பொருள். கதையில் வரும் இனத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது. தம் அழிவு எங்கோ ஒரு வானில் அடையாளமாகும் என்பதை அவர்கள் அறியவில்லை; யாரும் அவர்களிடம் சம்மதம் கேட்கவும் இல்லை. யோபு நூலில் இறைவன் புயலிலிருந்து பேசுகிறார். ஆனால் யோபுவின் துன்பத்துக்குக் காரணம் சொல்வதில்லை. கதையின் குருவுக்கு அந்தப் பேச்சுக்கூட வாய்க்கவில்லை.

அதே மன்னாரின் பெருநிலத்தில், மாந்தைக்கு அருகே, கேது வழிபட்டதாகச் சொல்லப்படும் திருக்கேதீச்சரம் இருக்கிறது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். சைவ சித்தாந்தம் இறைவனின் ஐந்தொழில்களில் அழித்தலை, பிறந்திறந்து களைத்த உயிர்களுக்குத் தரப்படும் இளைப்பாறலாகக் கொள்கிறது. கிளார்க்கின் அதே தொகுதியில், இறைவனின் பெயர்கள் யாவும் எழுதி முடிந்ததும் விண்மீன்கள் ஒவ்வொன்றாக அணையும் கதைக்கு இந்தப் பார்வை அணுக்கமானது. ‘த ஸ்டார்’ எழுப்பும் வேதனையை அது முழுதாக ஆற்றாது. உயிர்கள் இளைப்பாறலாம், அலையில் ஆடிய அந்தப் பிள்ளைகளின் விளையாட்டு திரும்புவதில்லை.

கதை உடைப்பது இறைநம்பிக்கை முழுவதையும் அன்று. பிறருக்கு நேர்ந்த அழிவைத் தமக்கென அனுப்பப்பட்ட செய்தியாகப் படிக்கும் பழக்கத்தைத்தான் அது உடைக்கிறது. மன்னாரின் தோட்டவெளியில் மக்கள் அந்த வேதசாட்சிகளை வேண்டும்போது, சங்கிலியின் வாள் தேவைப்பட்டது என்று எவரும் சொல்வதில்லை. கொல்லப்பட்டோரில் பெரும்பாலோரின் பெயர்கூட எஞ்சவில்லை. நிலவறை எதையும் அவர்கள் விட்டுச்செல்லவில்லை. பெயர் தெரியாமலே அவர்கள் அங்கே நினைவுகூரப்படுகிறார்கள்.