மெலிந்த பிள்ளையும் பருத்த உடலும்



“உடல் பருமனா? அது கொழும்பிலே காரில் போகிறவர்களின் வியாதி. கொழுந்துக் கூடையைச் சுமந்து மலையேறும் எங்களுக்கு ஏது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2016ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட குடிசன சுகாதார மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தார்கள். தோட்டப் பகுதியிலோ ஏறக்குறைய 32 பேர்! பசிதான் நமது பழைய பகைவன்.

ஆனால் அந்தப் பகைவன் போகும்போது தன் தம்பியை விட்டுப் போகிறான். கருவிலே போதிய போஷாக்கின்றி, எடை குறைந்து பிறக்கும் குழந்தையின் உடல், கிடைப்பதைச் சேமித்து வைக்கப் பழகிக்கொள்கிறது. பின்னாளில் அதே பிள்ளை சீனியும் கொழுப்பும் மிகுந்த உணவுக்கு மாறி, உழைப்பும் குறைந்துவிட்டால், நீரிழிவும் இருதய நோயும் அவனை எளிதில் பற்றுகின்றன. டேவிட் பார்க்கர் என்ற ஆங்கிலேய மருத்துவ அறிஞர் 1980களிலிருந்து எடுத்துச் சொன்ன உண்மை இது. நேற்று லயத்தில் மெலிந்திருந்த பையன், இன்று நகரத்துக் கடையில் காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்து தொந்தி வளர்ப்பதை நாம் காணவில்லையா?

ஞானோபதேசத்தில் தலையான பாவங்கள் ஏழு என்று படித்தோம். அவற்றில் ஒன்று போசனப்பிரியம். ஆனால் பருத்த உடலைக் கண்டவுடன் அந்தப் பாவத்தை ஏழையின் தலையில் சுமத்துவது அநீதி. விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடும் தாய்க்கு, கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட சாயத் தேத்தண்ணியுமே கைக்கு எட்டுகின்றன. அழும் பிள்ளையைத் தேற்ற ஒரு பிஸ்கட் பக்கெட்டே மலிவாகக் கிடைக்கிறது. இது பெருந்தீனியா? அல்லவே! வறுமை வேறொரு வேடத்தில் வந்திருக்கிறது.

ஆகவே, “குறைத்துச் சாப்பிடு” என்று தனியொருவருக்குப் புத்தி சொல்லிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. தோட்டமே கூடி நின்று செய்ய வேண்டிய காரியம் இது.

முதலாவது, சீனி. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஆறு தேக்கரண்டிக்குள் நிற்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. கோப்பைக்கு இரண்டு கரண்டி வீதம் ஐந்து கோப்பை குடித்தால் பத்தாகிவிடுகிறதே! 2016 முதல் குளிர்பானப் போத்தல்களில் நிற அடையாளம் இடப்படுகிறது. சிவப்பு என்றால் சீனி அதிகம். இதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள்.

இரண்டாவது, பிள்ளை மடுவத்திலும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலும் இனிப்புப் பண்டத்திற்குப் பதிலாக அவித்த கடலையோ பயறோ கொடுக்கலாம். இதில் நாங்கள் குருக்களும் குற்றவாளிகளே. திருநாள் என்றால் கேக்கும் சோடாவும் என்று பழக்கியவர்கள் நாங்களும் அன்றோ? பருப்பும் கீரையும் நீரும் கொண்டு பத்தே நாளில் முகம் தெளிந்த தானியேலையும் தோழரையும் மறந்துவிட்டோம்.

மூன்றாவது, லயத்தின் பின்புறத்துத் துண்டு நிலத்தில் வல்லாரையும் அவரையும் நடுங்கள். பாடசாலை விட்ட பின் ஒரு மணி நேரமாவது பிள்ளைகள் ஓடி விளையாட இடம் ஒதுக்கும்படி தோட்ட நிர்வாகத்திடம் தலைவர்மார் கேட்க வேண்டும்.

நான்காவது, அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் உண்டு. எடையும் இரத்த அழுத்தமும் சீனியும் அங்கே இலவசமாகப் பார்க்கப்படுகின்றன. வயிற்றுச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீற்றரைத் தாண்டினால் தாமதிக்க வேண்டாம். ஒரு நாள் சம்பளம் போகுமே என்று தயங்குவோரைப் பக்கத்து வீட்டார் சேர்த்துக் கூட்டிப் போகட்டும்.

நம் உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்றார் அர்ச். சின்னப்பர். கூரை ஒழுகும் கோவிலை ஊரே கூடிச் செப்பனிடுகிறோம். பக்கத்து லயத்துப் பிள்ளையின் உடலும் கோவில்தான். அதைச் செப்பனிட யார் முதலில் கை நீட்டப் போகிறீர்கள்?