புனிதமும் சுத்தமும்

2025 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளா நடந்துகொண்டிருந்தபோதே, அங்கே பல இடங்களில் ஆற்று நீர் குளிக்கும் தரத்தில் இல்லை என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் சொன்னது. மாநில அரசு மறுத்தது. பக்தர் தரப்பில் ஒரு சாரார் மறுக்கக்கூட இல்லை. சுத்தம் வேறு, புனிதம் வேறு என்றார்கள். இதை அசட்டுப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. குளிக்குமுன் கங்கை முதல் காவிரி வரை ஏழு நதிகளையும் சொம்புத் தண்ணீரில் வரவழைக்கும் மந்திரம் நம்மிடம் உண்டு. புனிதம் சங்கல்பத்தில் இருக்கிறது, தண்ணீரில் அல்ல என்றுதான் அதுவும் சொல்கிறது. ஆனால் அதையே கடைசிவரை நம்பினால் பிரயாகைக்கு ரயிலேற வேண்டியதில்லை. வீட்டுக் குழாயடி போதும். அப்படியும் ஜனம் கோடிக்கணக்கில் போகிறது. 2017 காவிரி புஷ்கர நீராடலுக்காக மேட்டூர் அணையைத் திறக்க வேண்டியிருந்தது. வேண்டியது அந்த ஆறு, அதுவும் ஓடுகிற ஆறு.

ஆரணிக்காரர்களுக்கு இது தூரத்து விவகாரம் அல்ல. ஜவ்வாது மலையிலிருந்து படவேடு வழியாக வரும் கமண்டல நாகநதியின் கரையில்தான் படவேட்டு அம்மனான ரேணுகை தினமும் பச்சை மணலைக் குடமாகப் பிடித்து நீர் மொண்டாள் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. கற்பின் மகிமைக்காகவே இந்தக் கதையைச் சொல்வார்கள். மணலும் தண்ணீரும் இல்லாத ஆற்றில் ரேணுகையாலும் குடம் பிடிக்க முடியாது என்பதை யாரும் சொல்வதில்லை. ஆடி வெள்ளியில் வேப்பிலை கட்டிப் படவேட்டுக்குப் போகிற கூட்டம், வழியில் வறண்டு கிடக்கும் நதியைத் தாண்டித்தான் போகிறது.

எங்கும் ஈசன் என்னாதவர்க்குக் கங்கையாடி என்ன, காவிரியாடி என்ன என்று அப்பரே கேட்டிருக்கிறாரே என்பார்கள். கேட்டார்தான். அவர் கயிலைக் காட்சி கண்டதை ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் காவிரித் தீர்த்தவாரியோடு கொண்டாடுவதும் நாம்தான். அவர் கண்டித்தது எங்கும் ஈசனைக் காணாதவரின் முழுக்கை, ஆற்றை அல்ல.

இதைவிடக் கனமான ஆட்சேபம், ஆற்றைப் பற்றிப் பேசினால் பழி ஆரணியின் ஏழைப் பட்டுத் தொழிலாளி தலையில் விழும் என்பது. கோரா எனும் கச்சாப் பட்டைச் சோப்பு நீரில் வேகவைத்தால் எடையில் ஏறத்தாழ கால் பங்கு பிசினாகக் கரைந்துபோகும், அதற்கப்புறம் சாயம். அந்த நீரைச் சாக்கடையில் விட்டால் கடைசியில் சேருமிடம் ஆறுதான். ஒற்றைச் சாயப்பட்டறையால் சுத்திகரிப்புச் செலவைத் தாங்க முடியாது. ஆனால் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை திரட்டத் தெரிந்த ஊருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திரட்டத் தெரியாதா? கோயில் உண்டியலிலிருந்தும் ஒரு பங்கு கேட்கலாம். அறநிலையத் துறை விதி இடம் தராது என்று யாராவது சொன்னால், கோயில் குளத்தைத் தூர்வாருவதைக் காட்டலாம். அம்மனுக்கு நீர் தந்த நதி அந்தக் குளத்தைவிடக் குறைந்த தீர்த்தமல்ல.