நிலம் ஒருவருக்கு, பறவை யாருக்கு?

ஒரு மனிதர் தம் பணத்தைப் போட்டு நிலம் வாங்குகிறார். வேலி அடைக்கிறார். வருஷா வருஷம் வரி கட்டுகிறார். முன்பின் தெரியாத ஒருவர் துப்பாக்கியும் கையுமாக அந்த நிலத்தில் இறங்கிப் பறவை சுட்டுக் கொண்டு போகலாமா? கூடாது என்றுதான் எல்லோரும் உடனே சொல்லுவோம். ஆனால் அந்தச் சொந்தக்காரரே சர்க்காரிடம் பணம் பெற்றுக் கொண்டு, அதற்கு ஈடாக "யாரும் வரலாம்" என்று கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன சொல்வது? இது கற்பனைக் கேள்வியல்ல. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்து வரும் காரியம். சொத்து என்றால் என்ன, பொது நன்மை என்றால் என்ன என்று நாம் யோசிப்பதற்கு இது நல்ல பாடமாக இருப்பதால் இங்கே எடுத்துக் கொள்கிறோம்.

முதலில் விஷயத்தைத் தெரிந்து கொள்வோம். 1930-களில் அமெரிக்காவின் நடுச் சமவெளிகளில் புல்தரையை உழுது போட்ட நிலங்கள் மழையின்றிக் காய்ந்து, மேல்மண் புழுதியாகக் காற்றில் பறந்தது. எத்தனையோ குடும்பங்கள் ஊரை விட்டே போயின. மண் ஒரு தடவை போனால் திரும்பி வராது என்பதை அந்தத் தேசம் அப்போது கற்றுக் கொண்டது. பின்னர் 1985-ல் ஒரு சட்டம் வந்தது. எளிதில் அரித்துப் போகும் நிலத்தை உழாமல் புல்லும் மரமும் வளர விட்டால், 10 முதல் 15 வருஷம் வரை சர்க்கார் அதற்கு வாடகை கொடுக்கும். 2007-ல் இத்திட்டத்தில் ஏறக்குறைய 3 கோடியே 68 லட்சம் ஏக்கர் நிலம் இருந்தது. இந்தப் பொதுத் திட்டத்தில் நிலத்தைச் சேர்ப்பவர் தம் கதவை யாருக்கும் திறக்க வேண்டியதில்லை.

தெற்கு டகோட்டா மாகாணத்தில் 2009-ல் ஒரு தனி ஏற்பாடு வந்தது. அங்கே ஜேம்ஸ் என்னும் ஆறு ஓடுகிறது. அதன் வடிநிலத்தில் 1 லட்சம் ஏக்கர் வரை புல்நிலமாக்குவது நோக்கம். மத்திய சர்க்காரின் வாடகையோடு, மாகாணத்தின் வேட்டை, மீன், பூங்கா இலாகாவும் ஒரு தொகை சேர்த்துக் கொடுக்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒப்பந்த காலம் முழுதும் அந்த நிலத்தில் பொதுமக்கள் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் நடந்து வர அனுமதிக்க வேண்டும்.

அந்த மாகாணத்தில் வேட்டை என்றால் பெரும்பாலும் பெஸன்ட் என்னும் நீண்ட வால் கோழிதான். அது சீன தேசத்துப் பறவை. கொண்டு வந்து விட்டார்கள், பெருகிற்று. 1919-ல் ஸ்பிங்க் என்ற ஜில்லாவில் ஒரே ஒரு நாள் வேட்டைக்கு அனுமதி கொடுத்தார்கள். இன்று அதைச் சுடுவதற்கென்றே வெளியூர்களிலிருந்து ஜனங்கள் வருகிறார்கள். அப்பறவை முட்டையிடவும் குஞ்சு பொரிக்கவும் உழாத புல்நிலம் வேண்டும்.

இனி இரு பக்கத்து நியாயங்களையும் பார்ப்போம்.

விவசாயி சொல்கிறார்: "மண்ணையும் ஆற்றையும் காப்பாற்றுவது நல்ல காரியம், அதற்கு நான் தயார். ஆனால் என் வீட்டுக்கும் மாட்டுக்கும் பக்கத்தில் அந்நியர்கள் துப்பாக்கியோடு நடமாடுவதற்கும் மண்ணுக்கும் என்ன சம்பந்தம்? சிலர் கதவைத் திறந்து போட்டுப் போவார்கள், குப்பை போடுவார்கள். உயிரைச் சுடுவதே எனக்குப் பிடிக்காவிட்டால் என்ன செய்வது?"

இதில் அர்த்தம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வேட்டைக்காரர் சொல்கிறார்: "வாடகைப் பணம் எங்கள் வரிப்பணம். நிலம் உங்களுடையது, வாஸ்தவம். பறவை உங்களுடையதா? நேற்று பக்கத்து வயலில் மேய்ந்தது, இன்று உங்கள் வயலில் மேய்கிறது. காட்டு உயிர்கள் தனி ஒருவர் சொத்தல்ல. மக்கள் எல்லோருக்காகவும் மாகாணத்தின் பொறுப்பில் இருப்பவை என்பது இத்தேசத்துப் பழைய கொள்கை. நிலமில்லாத ஏழை எங்கே போய் வேட்டையாடுவான்? எல்லா நிலத்தையும் அடைத்து விட்டால் வேட்டை பணக்காரருடைய விளையாட்டாகி விடாதா?"

இதிலும் அர்த்தம் இருக்கிறது. 1937 முதல் அங்கே வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் தனி வரி வாங்கி, அதைக் காட்டு உயிர்களின் பாதுகாப்புக்கே செலவிடுகிறார்கள். ஆகவே வேட்டைக்காரர் வெறுங்கையோடு வந்து கேட்கவில்லை.

சொத்து என்பது முழுக்க முழுக்க ஒருவருடையது, அதில் பிறருக்கு எதுவுமே இல்லை என்று எண்ணுவது நம் அனுபவத்துக்கே ஒத்து வராது. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் கடை வீட்டுக்கு முன்னால் அஞ்சடி இருக்கிறதே, அதை யோசித்துப் பாருங்கள். 1822-ல் ராபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்திலேயே, ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் மக்கள் நடக்கக் கூரை போட்ட வழி விட வேண்டும் என்று இருந்தது. கட்டியவர் கடைக்காரர், நடப்பவர் ஊரார். மழைக்கு ஒதுங்குகிறவரைப் பார்த்து "இது என் இடம், வெளியே போ" என்று எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை.

ஆனால் அஞ்சடியில் நடப்பவர் துப்பாக்கி கொண்டு வருவதில்லை. அதனால் இந்த உதாரணத்தை ஓர் அளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. சொத்தில் பிறருக்கும் பங்கு உண்டு என்பதை மட்டும் அது காட்டுகிறது. எவ்வளவு பங்கு, எந்த முறையில் என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பிரெஞ்சு தேசத்தில் நடந்தது உதவுகிறது. அங்கே 1964-ல் வந்த ஒரு சட்டப்படி, பல ஜில்லாக்களில் சிறு நிலக்காரர்கள் ஊர் வேட்டைச் சங்கத்தில் சேர்ந்தே ஆக வேண்டும். தங்கள் நிலத்தைச் சங்கத்தாரின் வேட்டைக்கு விட வேண்டும். பெரிய நிலக்காரர், சாதாரணமாக 20 ஹெக்டேருக்கு மேல் உள்ளவர், வேண்டாம் என்று விலகிக் கொள்ளலாம். வேட்டையை மனசாட்சிப்படி எதிர்த்த சில சிறு நிலக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1999-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. மறு வருஷமே பிரெஞ்சுச் சட்டம் திருத்தப்பட்டு, மனசாட்சியின் பேரில் விலகிக் கொள்ள வழி பிறந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நியாயத்தின் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரியும். பிரான்சில் கேட்காமல் எடுத்துக் கொண்டார்கள். அதுவும் எளியவனிடமிருந்து மட்டும் எடுத்தார்கள். தெற்கு டகோட்டாவில் கேட்டு, விலை சொல்லி, சம்மதித்தவரிடம் வாங்குகிறார்கள். பிடிக்காதவர் கையெழுத்துப் போடாமல் இருக்கலாம். கதவு திறக்கத் தேவையில்லாத பொதுத் திட்டத்துக்கு விண்ணப்பம் செய்யலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். சம்மதம் என்ற சொல்லை வியாபாரிகளாகிய நாம் நன்றாக அறிவோம். கடன் கழுத்தை நெரிக்கும்போது விற்பவன் சொல்லும் "சரி"யும், நிதானமாக உட்கார்ந்து பேசிச் சொல்லும் "சரி"யும் ஒன்றல்ல. ஆகவே, மண்ணைக் காக்கும் உதவி முழுவதையுமே இந்த ஒரு நிபந்தனையில் கட்டி விட்டால் அது பேரம் என்ற பெயரில் வரும் நிர்ப்பந்தமாகி விடும். நஷ்டமும் உண்டு. அந்நியர் வருவதை விரும்பாத விவசாயி விலகிக் கொள்வார். ஆற்றோரத்து நிலத்தைத் திரும்ப உழுவார். வேட்டைக்காரருக்கும் இடம் இல்லை, ஆற்றுக்கும் காவல் இல்லை என்றாகும்.

இதற்கு வழி, இரண்டு சரக்குக்கும் இரண்டு விலை போடுவதுதான். மண்ணைக் காப்பதற்கு ஒரு கூலி. அது எல்லோருக்கும் பொது. வழி விடுவதற்கு மேலும் ஒரு கூலி. அது விரும்பியவருக்கு மட்டும். 2008-ல் அமெரிக்கச் சர்க்கார் இதற்கென்றே ஒரு தனி நிதி ஏற்படுத்திற்று. விவசாயிகள் தாமாக மனமுவந்து பொதுமக்களுக்கு நிலத்தைத் திறந்து விடுவதை ஊக்குவிக்க, மாகாணங்களுக்கு அதிலிருந்து மானியம் கொடுக்கிறார்கள். இது நேரான முறை என்றே நமக்குப் படுகிறது.

உள்ளே வருகிறவருக்கும் கடமை உண்டு. காகிதத்தில் உரிமை இருக்கிறது என்பதற்காக அவர் அந்த நிலத்துக்கு எஜமானர் ஆகி விடுவதில்லை. வீட்டையும் ஆடுமாட்டையும் விட்டு விலகி நடப்பது, தோட்டாக் கூட்டைப் பொறுக்கிக் கொண்டு போவது, அளவுக்கு மேல் சுடாதிருப்பது, இவையெல்லாம் விருந்தாளியின் மரியாதை. ஒருவர் செய்யும் அட்டூழியம் ஆயிரம் பேருக்குக் கதவை அடைத்து விடும்.

முடிவாக நாம் சொல்வது இது. நிலம் உழுகிறவருக்குச் சொந்தம். அதன் மண் பின்னால் வரும் சந்ததிக்கும் சேர்ந்த அமானிதம். பறவையோ இன்று இங்கே, நாளை அங்கே. அமானிதத்தைக் காப்பவருக்கு ஊரார் கூலி கொடுப்பது நியாயம். கூலி கொடுத்த ஊரார், எங்களுக்கும் கொஞ்சம் வழி விடுங்கள் என்று கேட்பதும் நியாயம். ஆனால் கேட்க வேண்டும். விலை சொல்ல வேண்டும். "முடியாது" என்று சொல்லுகிறவருக்கு வேறு ஒரு வாசலையும் திறந்து வைக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் பொது நன்மை என்ற பெயரால் ஒருவர் உரிமையைப் பறித்ததாகவே முடியும்.