சிவப்புப் புள்ளி யாருக்கு?

உள்ளூர் ஓவியர்கள் சேர்ந்து நடத்துற கண்காட்சிக்குப் போயிருக்கீங்களா? பெரிய அரும்பொருளகம் இல்லை. சமூகக் கலைக்கூடம் மாதிரி சின்ன இடம். ஓய்வுபெற்றவர் வரைந்த படகுத்துறைக்குப் பக்கத்திலேயே கல்லூரி மாணவி வரைந்த காளி தொங்கும். ஒரு படம் விற்றுவிட்டால் அதன் பெயர்ச்சீட்டில் ஒரு சிவப்புப் புள்ளியை ஒட்டிவிடுவார்கள்.

அந்தப் புள்ளிதான் என்னை யோசிக்க வைக்குது. கடைசி நாளில் ஒருவருக்கு நான்கு புள்ளி இருக்கும். பக்கத்துச் சுவர்க்காரருக்கு ஒன்றுகூட இருக்காது. இரண்டு பேரும் சிரிச்சுக்கிட்டுதான் நிற்பாங்க. உள்ளுக்குள்ளே?

செய்த வேலைக்குப் பலன் எதிர்பார்ப்பது தவறா? கீதை வகுப்பில் உட்கார்ந்த எல்லாருக்கும் இதற்கு ஒரு விடை தெரியும். ஆனால் அதை வைத்து ஓவியரிடம், “விலை போடாதீங்க” என்று சொல்வது நியாயமில்லை. வண்ணத்துக்கும் துணிக்கும் சட்டத்துக்கும் காசு வேணும். விழாவுக்குப் பின்திரை வரையச் சொல்லிவிட்டு, கூலி கேட்டால் “சேவைதானே தம்பி” என்று நழுவுபவர்களும் நம்மிடையே உண்டு. அதற்குப் பெயர் பற்றின்மை இல்லை, சுரண்டல். பலனை விடுவது செய்பவர் தானாக எடுக்க வேண்டிய முடிவு. அடுத்தவர் அதை அவர் தலையில் கட்டக் கூடாது.

என் பார்வையில் கூலி வேறு, பலன்மேல் உள்ள பற்று வேறு. சவுத் பிரிட்ஜ் சாலையில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பாருங்க. அந்தச் சுதைச் சிற்பங்களைச் செய்தவர்கள் கூலி வாங்கித்தான் செய்திருப்பார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. ஆனாலும் நம் கண்ணுக்குச் சரியாக எட்டாத உயரத்தில் இருக்கும் உருவத்துக்கும் விரலும் நகையும் வைத்திருக்கிறார்கள். யார் பாராட்டப் போகிறார்கள் என்று கணக்குப் பார்த்திருந்தால் அந்த அக்கறை வந்திருக்காது.

கூட்டுக் கண்காட்சி இந்தப் பற்றைச் சோதிக்க நல்ல இடம். 1988இல் சிங்கப்பூர் கோத்தே நிலையத்தில் எஸ். சந்திரசேகரன், கோ ஈ சூ, சலே ஜாபார் என்ற மூன்று இளம் கலைஞர்கள் சேர்ந்து ஒரு கண்காட்சி நடத்தினார்கள். மூவரும் நன்யாங் நுண்கலைக் கழகத்தில் படித்தவர்கள், வெவ்வேறு இனத்தவர்கள். கண்காட்சிக்கு அவர்கள் வைத்த பெயர், ‘திரிமூர்த்தி’. பத்து ஆண்டு கழித்து, 1998இல், சிங்கப்பூர் கலை அரும்பொருளகம் அதைத் திரும்பிப் பார்த்து ஒரு கண்காட்சி வைத்தது.

அந்தப் பெயரை யோசிச்சுப் பாருங்க. படைத்தல், காத்தல், அழித்தல் — இதில் எதற்கு முதல் பரிசு? கேள்வியே அர்த்தமில்லாதது. ஒன்று இல்லாமல் மற்றது இல்லை. ஒரே அறையில் தொங்கும் படங்களும் அப்படித்தான். பக்கத்துப் படத்தின் இருட்டு இருப்பதால்தான் நம் படத்தின் வெளிச்சம் கூடுதலாகத் தெரிகிறது.

நாம எல்லாரும் ஓவியர் இல்லை. ஆனால் கைப்பேசியில் ‘லைக்’ எண்ணும் நமக்கும் சிவப்புப் புள்ளி உண்டு. நண்பனுக்கு நூறு விழுந்து நமக்குப் பத்து விழும்போது மனசு என்ன சொல்லுது? அங்கே தெரிந்துவிடும், கீதை வகுப்பு எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று.

அடுத்த முறை இப்படி ஒரு கண்காட்சி நடந்தால் போயிட்டு வாங்க. வசதி இருந்தால் ஒரு படம் வாங்குங்க. உழைத்தவருக்குக் கூலி சேரட்டும். வாங்க முடியாவிட்டால், புள்ளி விழாத ஒரு படத்தின் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்க. வரைந்தவர் அருகில் இருந்தால், அதில் என்ன பார்த்தீங்க என்று சொல்லுங்க.