உருகியும் உண்மையும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் கூத்து வளர்ந்தது தீப்பந்த வெளிச்சத்திலே. வட்டக் களரியில் ஒளி மங்கினால் எண்ணெய் வார்த்தால் போதும். காரணமும் பரிகாரமும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தன. 1964இல் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் 'இராவணேசன்' அரங்கேறிய காலத்தில் நம் கூத்து படச்சட்ட மேடைக்குப் பழகத் தொடங்கியிருந்தது. அம்மேடையோடு மின்னொளியும், அதனைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பெட்டியும் வந்து சேர்ந்தன. ஒளி பெருகிற்று, காரணமோ பெட்டிக்குள் மறைந்துவிட்டது.

அப்பெட்டியில் தைரிஸ்டர் என்னும் குறைகடத்தி இருக்கின்றது. நம் மின்னோட்டத்தில் வினாடிக்கு 100 அரை அலைகள். ஒவ்வோர் அரை அலையிலும் அது பிந்தித் திறந்தால் விளக்கு மங்கும். முந்தித் திறந்தால் ஒளிரும். அதற்குக் காவலாக நிற்பது, பாடநூல்கள் உருகி என்று சொல்லும் பியூஸ். 230 வோல்ட்டில் 1000 வாட் விளக்கொன்று ஏறத்தாழ 4.3 அம்பியர் இழுக்கும். 10 அம்பியர் இணைப்பு அத்தகைய இரண்டைத் தாங்கும். மூன்றாவதையும் மாட்டினால் மின்னோட்டம் 13 அம்பியராகும், உருகி அறுந்துவிடக்கூடும்.

இங்கேதான் அறம் பற்றிய கேள்வி எழுகின்றது. சபை நிறைந்துவிட்டது, நாடகம் தொடங்க அரைமணி நேரமே உண்டு. 'தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவிடு, நாடகம் நடக்கட்டும்' என்று ஒரு குரல் கேட்கும். அது கொடியவர் குரலன்று. பிள்ளைகளின் பல மாத ஒத்திகை வீணாகக்கூடாதே என்று கவலைப்படுபவரின் குரல். ஆனால், உருகி உரைத்த உண்மையை அக்கம்பி மறைத்துவிடுகின்றது. ஆபத்து நீங்கவில்லை, அறிவிப்பு மட்டுமே நீங்கியது.

நேர்மையான வழி வேறு. மின்சாரத்தைத் துண்டித்து, சுமையைக் கணக்கிட்டு, விளக்கையும் வடத்தையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தல் வேண்டும். விளக்கோடு பழுதும் பெயர்ந்தால் குற்றம் விளக்கினது. பழைய இணைப்பிலேயே தங்கினால் வடத்தையும் பெட்டியையும் சோதிக்க வேண்டும். பலகையின் பிடியைப் பூச்சியத்துக்கு இறக்கிய பின்னும் விளக்கு முழு ஒளியோடு எரிந்தால், பெரும்பாலும் தைரிஸ்டரே கெட்டிருக்கும். தீர்ப்புக்கு முன் விசாரணை என்பது நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதன்று.

உருகி சொல்லாத துன்பமும் உண்டு. வாவிக்கரையின் உப்புக்காற்றில் செப்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும். தடை கூடி முனை சூடாகும். மின்னோட்டம் மிகாதபடியால் உருகி அசையாது. இதனைக் கண்டறிய மனிதக் கண்ணும் பொறுமையும் வேண்டும். 1997 ஜூன் 13 அன்று டில்லி உபஹார் திரையரங்கில் 59 பேர் மாண்டனர். அங்கிருந்த மின்மாற்றி அன்று காலையே பழுதாகித் திருத்தப்பட்டிருந்தது. உரிய கருவியின்றிப் பொருத்திய இணைப்புத் தளர்ந்து மாலையில் தீ மூண்டது. பழுது பார்க்கப்பட்டது என்ற நம்பிக்கையே அங்கு மக்களை ஏமாற்றிற்று.

அவசரக் கம்பியைச் சுற்றுமாறு ஏவுபவர் முன்வரிசையில் இருப்பார். பெட்டியருகே நிற்பவனோ நாட்கூலிக்கு வந்த இளைஞன். 'முடியாது' என்று அவன் சொன்னால் நாளை அவனுக்கு வேலை இல்லை. ஆகவே இது அவன் ஒருவனின் மனச்சாட்சிக்கு விடத்தக்க விடயமன்று. அவன் மறுத்தால் அவன் பக்கம் நிற்பதும், மாற்று உருகிகளை வாங்கி வைப்பதும், சோதிப்பதற்கு ஒரு நாள் முழுதும் ஒதுக்குவதும் மண்டபத்தை நடத்தும் நம் எல்லோரின் கடமை.

அப்படியானால் அன்றைய நாடகம்? மூன்றாவது விளக்கைக் கழற்றிவிட்டு இரண்டோடு ஆடலாம். தீப்பந்த ஒளியில் விடியும்வரை ஆடிய மரபு நம்முடையது. ஒரு விளக்குக் குறைந்தால் அது குன்றிவிடாது.