நாவின் பிழையும் மொழியின் உரிமையும்

தந்தை விட்டுச் சென்ற நிலத்துக்கு மகன் உரிமை கோரும்போது, அவன் ஏர் பிடிக்க அறிவானா என்று எவரும் வினவுவதில்லை. தாய்மொழி என்னும் உடைமையோ அத்தகையதன்று. வாய் திறக்குந்தோறும் உரிமைச் சான்று காட்ட வேண்டிய விந்தையான சொத்து அது. ஓசை சற்றே பிறழ்ந்தால், 'இவன் நம்மவன் அல்லன்' என்னும் தீர்ப்பு கேட்போர் முகத்தில் எழுந்துவிடுகிறது. அயல்மண்ணில் வளர்ந்த பிள்ளையின் நாவில் முன்னோர் மொழி திரிந்து ஒலிக்குமாயின், அம்மொழியில் அப்பிள்ளைக்குள்ள உரிமை குறைந்துவிடுமோ? மொழியியலார்க்கு உரிய வினாவாகத் தோன்றினும், இஃது அடிப்படையில் அறம் பற்றிய வினாவே. இதனை ஆராயக் கொரிய மொழியை எடுத்துக்கொள்வோம்.

கொரிய மொழியில், நம் தகரத்தை ஒத்த ஓசை மூவகைப்படும். மெலிதாக ஒலிப்பது ஒன்று. தொண்டையை இறுக்கி ஒலிப்பது ஒன்று. மூச்சை மிகுதியாக வெளிவிட்டு ஒலிப்பது மற்றொன்று. நம் எழுத்தில் எழுதினால் மூன்றும் 'தல்' என்றே அமையும். ஆயினும் முதலாவது திங்களையும், இரண்டாவது மகளையும், மூன்றாவது முகமூடியையும் குறிக்கும். 1446ஆம் ஆண்டில் செஜோங் மன்னர் வெளியிட்ட கொரிய எழுத்துமுறை, நாவும் இதழும் தொண்டையும் ஒலிக்கும் நிலையைத் தழுவியே மெய்யெழுத்துகளுக்கு வடிவம் தந்தது. எழுத்துகளின் பிறப்பிடத்தை ஆராயப் பிறப்பியல் என ஓர் இயலையே வகுத்த தொல்காப்பியத்தின் வழிவந்த நமக்கு, ஓசையில் அம்மக்கள் கொண்ட அக்கறை எளிதில் விளங்கும்.

1965ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் திருத்தப்பெற்றபின், கொரியக் குடும்பங்கள் பெருந்தொகையாக அந்நாட்டில் குடியேறின. அவர்தம் பிள்ளைகள் வீட்டில் கொரியமும் வெளியில் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்தனர். ஆங்கிலமோ இத்தகைய ஓசைகளை இரண்டாகவே பகுப்பது. இரண்டுக்குப் பழகிய நா மூன்றைப் பகுக்கையில் தடுமாறுதல் இயல்பே. அப்பிள்ளைகளுள் தாயகத்தாரைப் போலவே ஒலிப்போரும் உளர். சொல்லெல்லாம் அறிந்தும் ஓசையில் அயற்சாயல் படிந்தோரும் உளர். பின்னவர் சியோல் நகருக்குச் சென்று பேசும்போது, முகம் ஒன்றைச் சொல்ல, நா வேறொன்றைச் சொல்கிறது. அயலான் ஒருவன் இரண்டு சொல் பேசினால் பாராட்டும் உலகம், உறவினன் இருநூறு சொல் பேசினும் பிழையையே எண்ணும்.

திருத்தமான ஒலிப்பு வேண்டுமென்பார் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. மகளும் திங்களும் ஒன்றாகிவிட்டால் கேட்போர் மயங்குவர். ஆனால் திருத்தத்துக்கு அளவுகோல் எது? அங்கேதான் சிக்கல் எழுகிறது. 1988ஆம் ஆண்டில் தென்கொரியா வகுத்த செம்மொழிப்பு விதிகள், 'கண்' எனப் பொருள்படும் சொல்லைக் குறுக்கியும், 'பனி' எனப் பொருள்படும் சொல்லை நீட்டியும் ஒலிக்கச் சொல்கின்றன. சியோல் இளைஞரோ இரண்டையும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றனர். நண்டைக் குறிக்கும் சொல்லும் நாயைக் குறிக்கும் சொல்லும் எழுத்தில் வேறு. இன்றைய பேச்சில் பெரும்பாலும் ஒன்றே. மேலே கூறிய மூவகை ஓசைகளிலும், மெல்லோசைக்கும் மூச்சோசைக்கும் இடையே மூச்சளவால் இருந்த வேறுபாடு இளையோர் பேச்சில் தேய்ந்து, குரலின் ஏற்றத்தாழ்வே அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது.

தாயகத்தார் ஓசையை மாற்றினால் அதற்கு 'வளர்ச்சி' என்று பெயர். புலம்பெயர்ந்தோர் பிள்ளை மாற்றினால் 'பிழை' என்று பெயர். இஃது எவ்வகை நீதி? ஊரார் அனைவரும் ஒருங்கே மாற்றும்போது பேச்சு தடைப்படுவதில்லை, தனியொருவன் மாறும்போது தடைப்படுகிறது என்று விடை கூறலாம். அவ்விடையை ஏற்கிறோம். ஆனால் அது திருத்துவதற்கு மட்டுமே காரணமாகும், இகழ்வதற்குக் காரணமாகாது.

1937ஆம் ஆண்டில் ஸ்டாலின் ஆட்சி, சோவியத் தூரகிழக்கில் வாழ்ந்த கொரியர் ஏறத்தாழ 1,70,000 பேரைக் கசகஸ்தானுக்கும் உசுபெகிஸ்தானுக்கும் பெயர்த்து அனுப்பியது. அவர்கள் உடன்கொண்டு சென்றது வடகொரிய எல்லைப்புறத்து வட்டார வழக்கு. அவர்தம் வழித்தோன்றல்கள் தென்கொரியா செல்லும்போது, அம்முதுமொழி அங்குள்ளார் செவிக்கு அயன்மையாகப் படுகிறது. துன்பத்தினூடே காத்த ஒன்றைத் தவறென்று சொல்ல நமக்கு மனம் வருமா?

இகழ்ச்சியின் விளைவு யாதென்பதையும் எண்ண வேண்டும். அமெரிக்காவில் கொரியம் பயிலத் தொடங்கிய மாணவரிடம் நிகழ்த்தி 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, இளமையில் கொரியத்தைக் கேட்க மட்டும் செய்தவரையும், சில ஆண்டுகளேனும் பேசியவரையும், புதிதாகக் கற்போரையும் ஒப்பிட்டது. கேட்டவர்க்கு ஓசைகளைப் பிரித்தறியும் செவி எஞ்சியிருந்தது. பேசியவர்க்கோ செவியோடு நாவும் எஞ்சியிருந்தது. ஆகவே பிள்ளை பிழையாகப் பேசிய ஆண்டுகளும் வீணாவதில்லை. நம் நகைப்புக்கு அஞ்சி அது வாய் மூடிவிட்டால், பின்னாளில் உதவும் நாப்பழக்கத்தை அல்லவா நாமே பறித்தவராவோம்!

இவ்வறம் கொரியர்க்கு மட்டும் உரியதன்று. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வளரும் நம் பிள்ளைகள் 'பழம்' என்னும்போது ழகரம் நழுவுவதைக் கேட்டு நாம் முகம் சுளிக்கிறோம். தமிழகத்திலேயே ழகரத்தை ளகரமாக ஒலிப்போர் பலர். ரகர றகர வேறுபாட்டைப் பேச்சில் காப்போரோ சிலரே. அவர்களுடைய தமிழ் உரிமையை எவரும் ஐயுறுவதில்லை. நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் இந்தத் தேர்வு?

ழகரத்தைக் கற்பிக்க வேண்டாமென்று நாம் கூறவில்லை. கற்பித்தே ஆக வேண்டும்; ஓசை முன்னோர் தந்த செல்வம். ஆனால் அச்செல்வத்தைக் கொடுப்பவர் போல் திருத்துதல் வேறு. காவலர் போல் நின்று தடுத்தல் வேறு. பாட்டியிடம் தொலைபேசியில் தடுமாறித் தமிழ் பேசும் பேத்தி முதலில் பேசி முடிக்கட்டும். திருத்தம் பின்னர் வரட்டும். மொழியின்மேல் ஒருவர்க்குள்ள உரிமை, அதனைப் பேச விழையும் உள்ளத்தில் தொடங்குகிறது. நாவின் செம்மை அவ்வுரிமையால் விளையும் பயனேயன்றி, அதற்குக் கட்ட வேண்டிய விலையன்று.