காத்திருப்பது எது? வி.ஆர். விமான சிமுலேட்டரின் நேரக் கணக்கு

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020 ஆகஸ்டில் வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அதற்கு வி.ஆர். வசதியும் சேர்ந்தது. அன்றுமுதல், ஹெட்செட் அணிந்து அதை ஓட்டுபவர்களின் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எந்த செட்டிங்கைக் குறைத்தால் படம் திக்காமல் ஓடும்? நியாயமான கேள்வி. ஆயினும் அதற்கு முன்னதாகக் கேட்டுத் தெளியவேண்டியது இன்னொன்று உண்டு. கணினிக்குள் எது எதற்காகக் காத்திருக்கிறது? இதை அறியாமல் செய்யும் குறைப்பில் காட்சியின் அழகும் போகும், வேகமும் கிடைக்காது. அந்த ஒரு கேள்வியை இங்கே அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் அளவுகோலைச் சரிசெய்துகொள்வோம். விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்று எண்ணுவது வழக்கம். ஆனால் ஹெட்செட்டுக்கு வேண்டியது எண்ணிக்கையைவிட ஒழுங்கு. 90 ஹெர்ட்ஸில் இயங்கும் ஹெட்செட் 11.1 மில்லி விநாடிக்கு ஒருமுறை புதிய படத்தைக் கேட்கிறது. 72 ஹெர்ட்ஸ் என்றால் 13.9 மில்லி விநாடிக்கு ஒருமுறை. ஒரு விநாடியில் 44 ஃபிரேம்கள் ஒவ்வொன்றும் 20 மில்லி விநாடியில் முடிந்து, ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் 120 மில்லி விநாடி எடுத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். சராசரி 45 என்று நன்றாகத்தான் காட்டும். அணிந்திருப்பவரோ அந்த ஒரு ஃபிரேமில் உலகமே ஒரு கணம் நின்று குதித்ததை உணர்வார். ஆகவே இனி நாம் கணக்கிட வேண்டியது ஒவ்வொரு ஃபிரேமும் எடுத்துக்கொள்ளும் நேரத்தை.

சாதாரண மானிட்டரில் 30 ஃபிரேமிலும் நிம்மதியாகப் பறக்க முடிகிறதே, வி.ஆரில் மட்டும் ஏன் இவ்வளவு கண்டிப்பு? மானிட்டரில் படம் தாமதித்தால் விமானம்தான் தாமதிப்பதாகத் தோன்றும். ஹெட்செட்டில் நாம் தலையைத் திருப்பியதை உட்செவி உடனே அறிந்துவிடுகிறது. கண்ணுக்கு முன்னுள்ள காட்சியும் அதே வேளையில் திரும்பியாக வேண்டும். தலை அசைவதற்கும் அதற்கேற்ற ஒளி கண்ணை எட்டுவதற்கும் இடையே 20 மில்லி விநாடிக்கு மேல் போகக்கூடாது என்பது இத்துறையில் நெடுநாளாகச் சொல்லப்படும் இலக்கு. அது தவறும்போது உட்செவியும் கண்ணும் முரண்பட்டு, குமட்டல் தொடங்குகிறது. இங்கே செயல்திறன் உடலையே தொடும் விஷயம்.

இனி அந்த நேரம் எங்கே செலவாகிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு ஃபிரேமையும் இருவேறு உறுப்புகள் உருவாக்குகின்றன. சிபியு, விமானத்தின் இயக்க விசைகள், வானிலை, பிற விமானங்களின் போக்குவரத்து, காக்பிட்டின் கருவிகள் ஆகியவற்றைக் கணித்து, எதை எங்கே வரைய வேண்டும் என்ற பட்டியலைத் தயாரிக்கிறது. ஜிபியு, அந்தப் பட்டியலை வாங்கி ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறம் தருகிறது. இரண்டும் அடுத்தடுத்த ஃபிரேம்களில் ஒரே சமயத்தில் உழைப்பதால், மொத்த வேகத்தைத் தீர்மானிப்பது அவற்றுள் மெதுவானது மட்டுமே. மற்றது வேலை முடித்துக் காத்திருக்கும். காத்திருக்கும் உறுப்பின் சுமையை எவ்வளவு குறைத்தாலும், அது இன்னும் சற்று அதிக நேரம் காத்திருக்கும், அவ்வளவே.

ஆகவே நோயறிதல் முதற்கடமை. சிமுலேட்டரின் டெவலப்பர் மோடில் ஃபிரேம் கணக்கைக் காட்டும் சிறு பலகை உண்டு. வேகத்தைத் தடுப்பது ஜிபியுவா, மெயின்த்ரெட் என்னும் சிபியுவின் முதன்மை இழையா என்று அது பெயர் சொல்லியே காட்டும். பலகை இல்லாமலும் சோதிக்கலாம். நியூயார்க்கின் கென்னடி விமான நிலைய ஓடுபாதையில் ஒரு செஸ்னா 172ஐ நிறுத்திவைத்து, வரையும் ரெசல்யூஷனைக் கட்டுப்படுத்தும் ரெண்டர் ஸ்கேலை 100இலிருந்து 60க்கு இறக்கிப் பாருங்கள். வேகம் அப்படியே இருந்தால் தடை சிபியுவில். ஜிபியு முன்பே ஓய்வாக இருந்தது என்று பொருள். வேகம் கூடினால் தடை ஜிபியுவில். அதே விமானத்தை அட்லாண்டிக் கடலுக்கு மேலே கொண்டுபோய் மீண்டும் சோதித்தால் விடை மாறக்கூடும். அங்கே கட்டடங்களும் பிற விமானங்களும் இல்லாததால் சிபியுவின் பட்டியல் சுருங்கிவிடுகிறது. தடை என்பது கணினிக்கு நிரந்தரமாக ஒட்டிய குணமன்று. பறக்கும் இடத்தோடு அது இடம்பெயரும்.

ஜிபியுவின் சுமையை ஆழ்ந்து பார்த்தால் அது பெரும்பாலும் பிக்சல்களின் எண்ணிக்கை என்பது விளங்கும். ஃபுல் எச்டி மானிட்டரில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள். 2023இல் வந்த குவெஸ்ட் 3இல் ஒவ்வொரு கண்ணுக்கும் 2064 பெருக்கல் 2208. இரு கண்ணுக்குமாக 91 லட்சத்துக்கு மேல். இதுவும் முழுக் கணக்கன்று. லென்ஸ் காட்சியை வளைப்பதால், அதை ஈடுகட்ட முன்கூட்டியே எதிர்த்திசையில் வளைத்து அனுப்ப வேண்டியிருக்கிறது. அவ்வாறு வளைக்கும்போது நடுப்பகுதி மங்காமலிருக்க, திரையின் அளவைவிடப் பெரிதாக வரைந்துகொள்வது வழக்கம். அகல உயரங்களில் 1.4 மடங்கு கூட்டினால் பிக்சல்கள் ஏறத்தாழ இரு மடங்காகின்றன.

இங்கே பலரும் அறியாமல் விழும் குழி ஒன்று உண்டு. ரெசல்யூஷனைக் கூட்டும் இடம் ஒன்றுக்கு மேற்பட்டது: ஹெட்செட்டின் மென்பொருளில் ஒன்று, ஸ்டீம்விஆர் என்னும் இடைநிலை மென்பொருளில் ஒன்று, சிமுலேட்டருக்குள் ஒன்று. இவை ஒன்றோடொன்று கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. அகல உயரங்களை ஓரிடத்தில் 1.3 மடங்காகவும் மற்றோரிடத்தில் 1.2 மடங்காகவும் வைத்தால், பிக்சல்கள் ஏறத்தாழ 2.4 மடங்காகிவிடும். ஓரிடத்தை மட்டும் கட்டுப்பாட்டுக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றை இயல்பு நிலையில் விட்டுவிடுவதே நெறி.

பிக்சல்களைக் குறைக்கும் வழிகளில் முதன்மையானது என்விடியாவின் டிஎல்எஸ்எஸ். அதன் குவாலிட்டி நிலையில் அகல உயரங்கள் மூன்றில் இரண்டாக வரையப்படுகின்றன; அதாவது பிக்சல்கள் சுமார் 44 விழுக்காடு. பெர்ஃபாமன்ஸ் நிலையில் 25 விழுக்காடு. மீதியை முந்தைய ஃபிரேம்களின் துணையோடு நிரப்புகிறது. இந்த நிரப்பலின் விலை எங்கே தெரியும் என்றால், செஸ்னாவின் ஜி1000 திரையில். விமானம் ஏறும்போது உயரம் காட்டும் பட்டையில் எண்கள் உருளும். பழைய எண்ணின் நிழல் புதிய எண்ணின் மேல் படிந்து, நகரும் இலக்கம் மட்டும் கலங்கிப்போகும். எல்லாப் பிக்சல்களையும் முழு அளவில் வரையும் டிஏஏ முறையில் அந்த எண்கள் கூர்மையாகவே இருக்கும். ஆனால் ஜிபியு முழு விலையையும் கொடுத்தாக வேண்டும். கருவிகளைப் படித்தே பறப்பவரும் நிலக்காட்சிக்காகப் பறப்பவரும் இங்கே வெவ்வேறு தேர்வு செய்வது முறையே.

மற்றொரு வழி விழியின் இயல்பிலிருந்தே பிறந்தது. நாம் கூர்மையாகக் காண்பது பார்வையின் நடுவே சுமார் 2 பாகை அகலம் மட்டும்தான். எனவே பார்வை படும் இடத்தை முழுத் தெளிவோடும் மற்ற இடங்களைக் குறைந்த தெளிவோடும் வரையலாம். இதை ஃபோவியேட்டட் ரெண்டரிங் என்பார்கள். குவெஸ்ட் புரோ, பைமேக்ஸ் கிரிஸ்டல், வார்ஜோ ஏரோ போன்றவை விழியின் நகர்வைப் பின்தொடர்வதால் இதை நுட்பமாகச் செய்ய இயலும். விழியைத் தொடராத ஹெட்செட்டுகளில் லென்ஸின் ஓரத்தை மட்டும் நிலையாகத் தெளிவு குறைக்கலாம். இதன் ஒரு வடிவமான குவாட் வியூஸ், டிசிஎஸ் வேர்ல்டு என்னும் போர் விமான சிமுலேட்டரில் புகழ்பெற்றது. ஒவ்வொரு கண்ணுக்கும் அகன்ற காட்சி ஒன்றும் குறுகிய கூர்மையான காட்சி ஒன்றுமாக நான்கை வரைகிறது. ஜிபியுவுக்குப் பெரும் ஆறுதல். ஆனால் பட்டியல் தயாரிக்கும் சிபியுவுக்கு இரண்டு காட்சிகளின் வேலை நான்காகிறது. முன்பே சிபியுவில் தடையுள்ள கணினியில் இது வேகத்தைக் குறைக்கவும் கூடும். நம் முதற்கேள்வியின் அவசியம் இங்கே தெளிவாகப் புலப்படுகிறது.

இனி சிபியுவின் பக்கம். இங்கே ரெசல்யூஷனுக்கு ஏறக்குறைய எந்தப் பங்கும் இல்லை. பொருள்களின் எண்ணிக்கையே சுமை. டெரைன் லெவல் ஆஃப் டீட்டெயில் என்னும் அளவு, நிலத்தின் நுட்பங்கள் எவ்வளவு தொலைவுவரை விரியவேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. தொலைவு இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும். ஆகவே 200இலிருந்து 100க்கு இறங்குவது பாதியைவிட அதிகமான சுமையைக் குறைக்கக்கூடிய செயல். அடுத்து, விமான நிலையத்தில் நிற்கும் விமானங்கள், வண்டிகள், மற்ற போக்குவரத்து. அதற்கடுத்து, காக்பிட்டின் மின்திரைகள் எத்தனை அடிக்கடி புதுப்பிக்கப்படுகின்றன என்னும் செட்டிங். பெரிய பயணிகள் விமானத்தில் திரைகள் பல. அவற்றின் சுமை தனியே உணரப்படும்.

இதே காரணத்தால்தான் செயலியைத் தேர்வதிலும் விந்தையான ஓர் உண்மை வெளிப்பட்டது. 2022இல் வந்த ஏஎம்டி ரைசன் 7 5800எக்ஸ்3டி, தன் உடன்பிறப்பான 5800எக்ஸைவிடக் கடிகார வேகத்தில் சற்றுக் குறைந்தது. ஆனால் அதன் மூன்றாம் நிலை கேஷ் 32 மெகாபைட்டுக்குப் பதில் 96 மெகாபைட். சிமுலேட்டர்களில் அது முந்திச் சென்றது. எண்ணற்ற சிறு தரவுகளைத் தேடி ரேமுக்கு ஓடி, அங்கே காத்து நிற்கும் நேரம் குறைந்ததே காரணம். செயலிக்குள்ளும் மறைந்திருந்தது காத்திருப்புதான்.

நினைவகத்தைப் பற்றிச் சுருக்கமாக. கிராஃபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம் நிரம்பிவிட்டால், மீதித் தரவு கணினியின் ரேமுக்குத் தள்ளப்படும். 10 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 3080 தன் நினைவகத்தை விநாடிக்கு 760 ஜிபி வேகத்தில் வாசிக்கும். ரேமுக்குச் செல்லும் பாதையோ விநாடிக்குச் சுமார் 32 ஜிபிதான். பறக்கத் தொடங்கும்போது சீராக இருந்து, நேரம் செல்லச் செல்லத் திக்கத் தொடங்கினால் இதைத்தான் முதலில் ஐயுற வேண்டும். டெக்ஸ்சர் தரத்தை ஒருபடி இறக்குவது இங்கே பயன் தரும். நினைவகம் நிரம்பாத கணினியில் அதே செயலால் பயன் சிறிதே.

எல்லாம் செய்தும் 11.1 மில்லி விநாடியை எட்ட முடியாத கணினிகளே மிகுதி. அவற்றுக்கு ரீப்ரொஜெக்‌ஷன் உதவுகிறது. சிமுலேட்டர் ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேமை மட்டும் வரைய, இடைப்பட்டதை ஹெட்செட்டின் மென்பொருள் முந்தையவற்றிலிருந்து ஊகித்து உருவாக்கும். 90 ஹெர்ட்ஸில் 45 ஃபிரேம் போதும், ஒவ்வொன்றுக்கும் 22.2 மில்லி விநாடி கிடைக்கிறது. ஊகம் என்பதால் பிழையும் உண்டு: சுழலும் புரொபெல்லரைச் சுற்றியும், நகரும் நிலத்தின் முன் நிற்கும் காக்பிட் விளிம்பிலும் காட்சி நெளியும். இதில் முக்கியமானது எல்லைக்கோடு. 23 மில்லி விநாடி எடுத்த ஃபிரேம், ஒரு நொடியில் பேருந்தைத் தவறவிட்டவரைப் போல, அடுத்தது வரும்வரை நின்றாக வேண்டும். 22.2ஐ ஒட்டி ஊசலாடுவதைவிட, ஹெட்செட்டை 72 ஹெர்ட்ஸுக்கு மாற்றி, 36 ஃபிரேமுக்கான 27.8 மில்லி விநாடிக்குள் உறுதியாக நிற்பது கண்ணுக்கும் உடலுக்கும் நல்லது.

குவெஸ்ட் வகை ஹெட்செட்டுகளில் இன்னுமோர் அடுக்கு உண்டு. படம் வீடியோவாகச் சுருக்கப்பட்டு கேபிள் அல்லது வைஃபை வழியே சென்று, அங்கே விரிக்கப்படுகிறது. சுருக்குவதும் விரிப்பதும் தாமதமே. பிட்ரேட்டை மிகவும் உயர்த்தினால் தெளிவு கூடும், ஆனால் விரிக்கும் சிப் திணறும். சிமுலேட்டரின் ஃபிரேம் கணக்கு சீராக இருந்தும் காட்சி குதித்தால், பழி இந்தப் பாதையின் மீதே. இதனோடு, ஸ்டீம்விஆரை இடையில் நுழைக்காமல் ஹெட்செட்டின் சொந்த ஓப்பன்எக்ஸ்ஆர் என்னும் இணைப்பு மென்பொருள் வழியாகவே சிமுலேட்டரை இயக்குவது தேவையற்ற ஓர் இடைத்தரகரை நீக்கும்.

இவ்வளவும் அறிந்தபின் வேலையின் வரிசை தானே அமைகிறது. முதலில் ஒரே இடம், ஒரே விமானம், ஒரே வானிலை என்று சோதனைக் களத்தை நிலைநிறுத்துக. அடுத்துத் தடை எங்கே என்று அறிக. தடையுள்ள பக்கத்தின் செட்டிங் ஒன்றை மட்டும் மாற்றி, மில்லி விநாடிக் கணக்கைப் பார்க்க. மேகங்கள், நிழல்கள், ரெசல்யூஷன் ஆகியவை ஜிபியுவுக்கு. நிலத்தொலைவு, போக்குவரத்து, மின்திரைகள் சிபியுவுக்கு. ஒரு பக்கம் தளர்ந்ததும் தடை மறுபக்கம் தாவியிருக்கும், மீண்டும் அறிக. காத்திருக்கும் பக்கத்தில் மிஞ்சிய நேரத்தை வீணாக்காமல் அழகுக்குச் செலவிடுக: சிபியுவில் தடை என்றால், ரெசல்யூஷனைச் சற்று உயர்த்துவதற்குக் கட்டணமே இல்லை.

சோதனைக் களமாக எதைத் தேர்வது என்பதும் முக்கியம். நடுவானில் கிடைக்கும் எண்கள் எவரையும் மகிழ்விக்கும்; ஆனால் சிமுலேட்டர் அதிகமாகத் திணறுவதும், ஓட்டுநர் அதிகமாகத் தலையைத் திருப்புவதும் ஒரே வேளையில்தான்: நெரிசலான நிலையத்தை நோக்கித் தாழ இறங்கி, ஓடுபாதைக்காக இறுதித் திருப்பம் எடுக்கையில். அந்தக் கணத்தில் நேரத்துக்குள் நிற்கும் செட்டிங்கே சரியான செட்டிங். மற்ற வேளைகளில் மிஞ்சும் மில்லி விநாடிகளைக் கண்டு, இன்னும் ஒரு படி உயர்த்தலாமே என்று தோன்றும். உயர்த்த வேண்டாம், அவை தரையிறக்கத்துக்கென ஒதுக்கிய நேரம்.